மூன்றாவது வயர்

மாத்தளை
22.05.1983

அன்புள்ள தம்பி முத்துவீரனுக்கு,

சின்னக்கா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் சுகம். பாலாவுக்கு இருமல் முழுசாக விடவில்லை, ஆனால் நீ பயப்படும்படி இல்லை. பயப்படுவதற்கு இந்த வீட்டில் நான் ஒருத்தி போதும் என்று உன் மச்சான் சொல்கிறார். தம்மாமில் சவூதி வெயில் ஏறியிருக்குமே, தண்ணீர் நிறையக் குடிக்கிறாயா? கண் எரிச்சல் என்று எழுதியிருந்தாய், டாக்டரிடம் காட்டினாயா?

உன் மச்சானுக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது. அலுவிகாரையில் மிளகு, கொக்கோ வியாபாரம் செய்கிற சிங்கள முதலாளி ஏக்கநாயக்க மாத்தயா தெரியுமல்லவா, பெரிய வளவு வீடு, அவர் பின்புறத்தில் நீச்சல் குளம் கட்டுகிறார். லண்டனில் இருக்கிற மகள் பிள்ளைகளோடு செப்டம்பரில் வருகிறாளாம். குளத்துக்குத் தண்ணீர் சுற்ற ஒரு பம்ப், இரண்டு விளக்கு. வயரிங் எல்லாம் உன் மச்சான்தான். மாத்தளையில் இதுவரை எந்த வீட்டிலும் குளத்துக்கு வயர் இழுத்த ஆள் கிடையாது. "கிணத்து மோட்டருக்கு இழுத்தவனுக்கு இது என்ன பெரிய காரியம்?" என்கிறார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.

நீ அங்கே அமெரிக்கக்காரர்களின் வீடுகளில் குளத்துக்கு வயரிங் செய்வதாக எழுதியிருந்தாயே, அதற்கு என்னென்ன சட்டம் என்று விவரமாக எழுது. நான் வாசித்துக் காட்டுகிறேன். முக்கியமாக ஒன்று கேட்கச் சொன்னார். பம்ப் வைக்கப்போவது பழைய கொக்கோக் கொட்டகையில். வீட்டு மெயின் போர்டிலிருந்து கொட்டகை வரைக்கும் மண்ணுக்குள் ஒரு பழைய லைன் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா, புதிதாக இழுக்க வேண்டுமா?

இன்னொன்று. உன் மச்சான் கரண்ட் இருக்கிறதா என்று இன்னமும் புறங்கையால் தொட்டுத்தான் பார்க்கிறார். உள்ளங்கையால் தொட்டால் கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுமாம், புறங்கை என்றால் உதறிவிடுமாம். இதைப் பார்த்துப் பார்த்துப் பாலாவும் பால் டம்ளரைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறாள். அவர் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குப் புத்தி சொல்லி எழுது. நீ சொன்னால் கேட்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் சின்னக்கா
மங்களேஸ்வரி

*

தம்மாம்
09.06.1983

என் சின்னக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கண் சரியாகிவிட்டது, தண்ணீரும் குடிக்கிறேன், போதுமா? பாலாவின் இருமலுக்கு என்ன மருந்து கொடுக்கிறாய் என்று எழுதவில்லையே.

மச்சான் குளத்துக்கு வயர் இழுக்கப் போகிறாரா! அவரிடம் சொல், குளத்துக் கரண்ட் புது மாப்பிள்ளை மாதிரி. மரியாதையில் ஒரு துளி குறைந்தாலும் முறுக்கிக்கொள்ளும்.

மெயின் போர்டிலிருந்து பம்ப் அறையில் இருக்கிற சின்ன போர்டுக்குப் போகிற லைனை இங்கே பீடர் என்பார்கள். அது குழாய்க்குள் போக வேண்டும். அதில் கரண்ட் போகிற வயரும் திரும்பி வருகிற வயரும் மட்டும் போதாது. மூன்றாவதாகப் பச்சை உறை போட்ட எர்த் வயர் ஒன்று, சின்ன போர்டிலிருந்து மெயின் போர்டு வரைக்கும் எங்கேயும் அறாமல் வர வேண்டும். இரும்புக் குழாயே எர்த்துதானே என்று நம்பக் கூடாது, மண்ணுக்குள் துருப்பிடித்து எங்கே விட்டுப்போயிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்புறம் குளத்து ஏணி, பம்ப், கொங்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி எல்லாவற்றையும் ஒரே செம்புக் கம்பியால் பிணைத்துவிட வேண்டும்.

பழைய லைனைப் பற்றிக் கேட்டாய். அதற்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. ஏற்கெனவே போட்ட பீடர் இருந்தால் கழற்றத் தேவையில்லை, அதுவே இருக்கலாம் என்று எங்கள் போர்மன் போன மாதம்தான் சொன்னார். ஆகவே மச்சான் மண்வெட்டி தூக்கிக் கஷ்டப்பட வேண்டாம்.

புறங்கை விஷயம்: மச்சான், நீங்களே வாசிப்பது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். டெஸ்டர் என்று ஒரு சாமான் இருக்கிறது. சட்டைப் பையில் அழகுக்கு வைத்திருக்கிறீர்களே, அதுதான்.

பெரியக்காவுக்கும் எழுதுகிறேன். பாலாவுக்கு என் முத்தம்.

தம்பி
வயர்மன் முத்துவீரன்

*

மாத்தளை
03.07.1983

அன்புள்ள தம்பிக்கு,

பாலாவின் இருமல் நின்றுவிட்டது, இப்போது எனக்கு. பெரிதாக ஒன்றுமில்லை. பெரியக்கா போன ஞாயிறு இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து மல்லி அவித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

உன் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். டெஸ்டர் பகுதி வந்ததும், "அவன் சவூதிக்குப் போனதும் வாயும் நீண்டுருச்சு" என்று ஒரே சிரிப்பு. பழைய லைன் இருக்கலாம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மண்ணை வெட்டினால் வெறும் பாறையாம்.

ஆனால் தம்பி, எனக்கு ஏனோ ஒப்பவில்லை. முதலில் மூன்றாவது வயர் கட்டாயம் என்கிறாய். பிறகு பழைய லைன் என்றால் பரவாயில்லை என்கிறாய். பழையது என்பதற்காகக் கரண்ட் இரக்கம் காட்டுமா? உன் மச்சான் கொட்டகைப் பக்கத்து முனையைப் பிரித்துப் பார்த்தார். அதற்குள் இரண்டு வயர்தான் இருக்கிறதாம். அந்தக் காலத்தில் ஒரு பல்புக்காக இழுத்தது. நான் கல்லூரியில் படித்தது இலக்கணமும் குழந்தை உளவியலும். எனக்கு ஒரு பிளக் மாட்டத் தெரியாது. ஆனாலும் கேட்கிறேன், தயவு செய்து அந்தச் சட்டப் புத்தகத்தை நீயே உன் கண்ணால் பார்த்து எழுது.

நான் விடாமல் நச்சரித்ததால் கடைத்தெருவில் சாமான் கடை மர்சூக் நானாவிடம், எர்த்தோடு மூன்று வயரும் உள்ளே ஓடுகிற மூன்று கோர் கேபிளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார். கொழும்பிலிருந்து மாதக் கடைசியில் வருமாம். வந்தால் அதையே போடுகிறேன் என்று பாலாவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பிள்ளையின் தலையில் ஏன் அடிக்கிறீர்கள் என்று அதற்கும் சண்டை பிடித்தேன்.

பதிலை உடனே போடு.

சின்னக்கா

*

தம்மாம்
19.07.1983

சின்னக்கா,

உடனே எழுதுகிறேன். சுகம் எல்லாம் பிறகு. நீ கேட்டது சரி. நான் எழுதியது பாதி.

இன்றைக்கு போர்மனிடம் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். பழைய பீடர் இருக்கலாம்தான். ஆனால் அந்தக் கேபிளின் உறைக்குள்ளேயே எர்த் வயரும் சேர்ந்து போயிருந்தால் மட்டும். அது இல்லாத பழைய லைனுக்கு விலக்கே கிடையாது. போர்மன் சொன்னபோது நான் பாதியை மட்டும் காதில் வாங்கியிருக்கிறேன்.

இரண்டு வயர் மட்டும் என்று எழுதியிருக்கிறாய். அதைக் குளத்துக்குக் கொடுக்கவே கூடாது. ஏன் என்று மச்சானுக்குச் சொல். பம்புக்குள் எங்காவது கரண்ட் கசிந்தால் திரும்பிப் போக வழி வேண்டும். வழி இருந்தால் பியூஸ் எரிந்து எல்லாம் நின்றுவிடும். வழி இல்லையென்றால் பியூஸ் போகாது. நான் பிணைக்கச் சொன்ன செம்புக் கம்பி வழியாக ஏணிக்கு வந்து, யாராவது தொடட்டும் என்று காத்துக்கொண்டிருக்கும். ஆகவே பாதியைச் செய்து பாதியை விடுவது ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட மோசம்.

கேபிள் வரும் வரைக்கும் வேலையை நிறுத்தச் சொல். மாத்தயா கோபித்தால் கோபிக்கட்டும். இது கிடைத்தது என்று இரண்டு வரி போடு. அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

முத்துவீரன்

*

தம்மாம்
03.08.1983

அன்புள்ள சின்னக்கா, மச்சான்,

நீங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். தமிழர்களை அடிக்கிற கலவரம் என்று ரேடியோவில் கேட்டோம். மாத்தளை என்று பெயர் சொன்னார்கள். இங்கே மலைநாட்டுப் பையன்கள் யாரும் வேலைக்குப் போகவில்லை.

எங்கே இருக்கிறீர்கள்? கடைத்தெருவில் உங்கள் கடை என்ன ஆனது? கடை போனால் போகட்டும். பாலா எப்படி இருக்கிறாள்? பெரியக்காவின் தோட்டத்துப் பக்கம் பிரச்சினை உண்டா? எந்த விலாசத்துக்கு எழுதுவது என்றும் தெரியவில்லை, பழைய விலாசத்துக்கே போடுகிறேன். தபால்காரருக்கு உங்களைத் தெரியும்.

யார் கையாலாவது ஒரு வரி.

தம்பி முத்துவீரன்

*

அலுவிகாரை
12.08.1983

அன்புள்ள அக்கா புஷ்பவதிக்கு,

மர்சூக் நானாவின் லொறி இரத்தோட்டைப் பக்கம் வருகிறது, அதில் கொடுத்துவிடுகிறேன். நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். இருக்கிறோம் என்பதைத்தான் இப்போது சுகம் என்று எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் தோட்டத்து லயத்துப் பக்கம் யாரும் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். அது நிஜமா?

கடைத்தெரு எரிந்த அன்றைக்கு ஏக்கநாயக்க மாத்தயா தானே வேனை ஓட்டிக்கொண்டு பின் ஒழுங்கைக்கு வந்தார். மிளகு மூட்டைகளுக்கு நடுவே எங்களை உட்கார வைத்து, மேலே சாக்கைப் போட்டார். பாலாவுக்கு மிளகு நெடியில் தும்மல் வந்துவிடுமோ என்று நான் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்தேன். சந்தியில் கலவரக்காரர்கள் வேனை நிறுத்தினார்கள். மாத்தயா அவர்களைக் கெட்ட வார்த்தையில் ஏசினார். அவர் ஏசி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். விட்டுவிட்டார்கள்.

எங்கள் கடையும் பின்னால் இருந்த வீடும் இல்லை. மர்சூக் நானாவின் கடை பாதி போய்விட்டது. பக்கத்துக் கடை நெருப்பு. கொழும்பிலிருந்து வந்து இறங்கியிருந்த கேபிளும் அதற்குள்தான்.

இங்கே கொட்டகைக்குப் பக்கத்து அறையில் இருக்கிறோம். மாத்தயாவின் மனைவி நோனா பாலாவுக்குத் தன் பேரப்பிள்ளையின் உடுப்பைக் கொடுத்திருக்கிறா. இவர்தான் நிலைகொள்ளாமல் நடக்கிறார். மாத்தயா, "இப்ப யாருக்கு குளம் வேணும்? சும்மா இருங்க," என்றார். அதற்கு இவர், "சும்மா இருந்து உங்க சோத்த தின்ன எனக்கு கை கூசுது மாத்தயா. மக வர்றதுக்குள்ள முடிச்சிக் குடுத்துர்றேன்," என்று சொல்லிவிட்டார்.

புதுக் கேபிளுக்கு இனி வழியில்லை. பழைய லைனையே கொடுக்கிறார். "அதான் சட்டத்துலயே இருக்குன்னு ஒந்தம்பி எழுதியிருக்கான்ல" என்கிறார். தம்பியிடம் திரும்பக் கேட்டிருந்தேன், பதில் வரவில்லை. தபால் ஒன்றுமே வருவதில்லை. ஏணி, பம்ப் எல்லாவற்றையும் தம்பி சொன்னபடி செம்புக் கம்பியால் கட்டி முடித்தாயிற்று. நேற்று தண்ணீர் விட்டுப் பம்பைப் போட்டார், அழகாக ஓடியது. இத்தனை நாளுக்குப் பிறகு அவர் சிரித்ததைப் பார்த்தேன். அதனால் நான் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

முடிந்தால் வா. பஸ் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு வா.

உன் தங்கை
மங்களேஸ்வரி

*

அலுவிகாரை
12.09.1983

அன்புள்ள தம்பிக்கு,

நானும் பாலாவும் சுகம்.

உன் மச்சான் இல்லை. கலவரத்தில் போய்விட்டார். எல்லாக் காரியமும் முடிந்துவிட்டது, பெரியக்கா கூட இருந்தாள். எப்படி என்று கேட்காதே, எழுத வராது.

ஜூலையில் நீ எழுதின கடிதம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. எல்லாம் எரிந்திருக்கும். குளத்து வேலையும் நடக்கவில்லை. அதைப் பற்றி இனி யோசிக்காதே.

அழுதுகொண்டு வேலைக்குப் போகாதே. உயரத்தில் ஏறும்போது கவனம்.

சின்னக்கா

*

இரத்தோட்டை
02.10.1983

தங்கச்சி மங்களத்துக்கு அக்கா எழுதுறது. நான் நல்லா இருக்கேன். பிள்ளைக மடுவத்துல கொழுந்தெடுக்க போறவங்க பிள்ளைகள பாக்குற வேல, நெறஞ்ச பிள்ளைக, மூக்க தொடச்சே கை ஓஞ்சு போகுது. பாலா ஒழுங்கா சாப்புடுறாளா, ராவுல அப்பாவ கேட்டு அழுவுறாளா?

தம்பி எனக்கு கடுதாசி போட்டிருக்கான். எழுத்துல பாதி தண்ணி பட்டு அழிஞ்சு கெடக்கு, அழுதுகிட்டே எழுதியிருக்கான். மச்சான வெட்டுனாங்களா எரிச்சாங்களான்னு கேக்குறான். எனக்கு ஒண்ணும் வெளங்கல. பெறகுதான் புரிஞ்சிச்சு நீ என்ன எழுதியிருக்கேன்னு.

ஏன்டி அப்புடி எழுதுன? ஒம்புருசன் காளிமுத்து கரண்ட்ல போன மனுசன். மழ பேஞ்ச மறுநாளு நோனா எல அள்ளப் போயி ஏணிய தொட்டா கூசுதுன்னு சொன்னாங்க, இவரு நான் பாக்குறேன்னு போனாரு, ஈரத் தரையில வெறுங்காலோட நின்னு பொறங்கைய வச்சாரு. கையி ஒதறுறதுக்கு முந்தி ஆளே தண்ணிக்குள்ள. நீதானே எங்கிட்ட சொன்ன. ஏக்கநாயக்க மாத்தயா ஓடிப்போயி மெயின புடுங்கிப் போட்டுட்டு உடுத்த சாரத்தோட குதிச்சு தூக்குனாருன்னும், சொட்டச் சொட்ட அதே சாரத்தோட ஆஸ்பத்திரி வாசல்ல நின்னாருன்னும் நீதானே சொன்ன. அவரு பேருல ரத்தப்பழி வர்ற மாதிரி எழுதலாமா? கொண்டுபோயி ஒளிச்சு வச்ச மனுசன்டி.

நான் தம்பிக்கு இன்னும் பதில் போடல. நீ சொல்ற மாதிரிதான் எழுதணும்னா எனக்கு கை வராது. ரோசன பண்ணி எழுது.

அக்கா புஷ்பவதி

*

அலுவிகாரை
08.10.1983

அக்கா,

பாலா சாப்பிடுகிறாள். அப்பா எங்கே என்று கேட்பதில்லை, குளத்துப் பக்கம் கையைக் காட்டுவாள், அவ்வளவுதான். மாத்தயா தண்ணீரை இறைத்துவிட்டார். அடியில் இலையும் சேறுமாய்க் கிடக்கிறது.

ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டாய். கருமாதி அன்றைக்கு, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, தபால்காரர் வந்தார் அல்லவா? எங்களைத் தேடிக் கண்டுபிடித்து இங்கே கொண்டுவந்து கொடுத்தார். தம்பியின் கடிதம் அது. ஜூலை பத்தொன்பதாம் தேதி எழுதியது. முதல் கடிதத்தில் எழுதியது பாதி, பழைய லைனைத் தொடவே கூடாது, கேபிள் வரும் வரைக்கும் வேலையை நிறுத்தச் சொல் என்று அதில் இருக்கிறது. நீ பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாய். நான் அதை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு வந்து அப்பளம் பொரித்தேன்.

இப்போது சொல். நடந்ததை நடந்தபடி எழுதினால் முதலில் அவனுக்கு என்ன விளங்கும்? தன் எழுத்து மச்சானைக் கொன்றது என்று விளங்கும். அவன் அங்கே தனியாக, ஏணி மேலும் கூரை மேலும் நிற்கிறவன். கலவரம் என்றால் அவனால் யாரையாவது திட்டிக்கொண்டு உயிரோடு இருக்க முடியும். அந்தப் பாதிக் கடிதத்தை வாசித்துக் காட்டியவள் நான். அது எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன்.

மாத்தயா வந்தால்தான் நான் முகம் காட்டாமல் அறைக்குள் போய்விடுகிறேன். இன்றைக்கும் பாலாவுக்குச் சீனி உருண்டை கொடுத்துவிட்டுப் போனார்.

எழுதாதே அக்கா. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

மங்களம்

*

தம்மாம்
24.10.1983

சின்னக்காவுக்கு,

நான் நல்லபடி இருக்கிறேன். நீயும் பாலாவும் நலமாக இருக்க வேண்டும். பெரியக்கா பதிலே போடவில்லை. யாரும் எனக்கு எதையும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள். சொல்ல முடியாத மாதிரிச் செய்திருக்கிறார்கள் என்று நானே விளங்கிக்கொண்டேன்.

நீ ஏன் இன்னும் அந்த வீட்டில் இருக்கிறாய்? அலுவிகாரை என்று மேலே எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. அது அந்த ஏக்கநாயக்கவின் வீடுதானே, உங்களைக் கூட்டிக்கொண்டு போனவனுக்கு மச்சானைக் காப்பாற்றத் தெரியவில்லையா? அவனும் சேர்ந்துதான் காட்டிக்கொடுத்தானோ, யார் கண்டது. யார் யார் வந்தார்கள் என்று உனக்குத் தெரியும். பெயர்களை எழுது.

இங்கே இரண்டு பேர் வந்து பேசினார்கள். இந்தியாவுக்குப் போகிறார்கள். அங்கே இயக்கத்தில் ஆயுதப் பயிற்சி இருக்கிறதாம். வயரிங் தெரிந்த ஆள் வேண்டுமாம். எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்த கை, இனி வேறு வேலை செய்யட்டும். நவம்பர் கடைசியில் கிளம்புகிறோம். போர்மனிடம் இன்னும் சொல்லவில்லை.

பாலா பெரியவளானதும் அவளுக்குச் சொல், அவள் அப்பாவுக்காக மாமா சும்மா இருக்கவில்லை என்று.

முத்துவீரன்

*

அலுவிகாரை
07.11.1983

தம்பி,

போகாதே.

இந்தக் கடிதம் கிடைப்பதற்கு முன்பே தந்தி கிடைத்திருக்கும். இன்று காலையில் பாலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மாத்தளைத் தபால் கந்தோருக்குப் போய் அடித்தேன். போகாதே, கடிதம் வருகிறது என்று. ஒரு கடிதம் பிந்தி வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் தம்பி. அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன். உட்கார்ந்துகொண்டு வாசி. பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொள்.

உன் மச்சானை யாரும் வெட்டவில்லை, எரிக்கவில்லை. குளத்து ஏணியைத் தொட்டார். பழைய லைனைத்தான் கொடுத்திருந்தார். உன் ஜூலைக் கடிதம் எரியவில்லை. அவருடைய கருமாதி அன்றைக்கு என் கைக்கு வந்தது.

இந்த நாலைந்து வரியை எழுதாமல் இருக்கத்தான் நான் அந்தப் பொய்யை எழுதினேன். உன்மேல் பழி வரக்கூடாது என்று நினைத்தேன். அது போய் ஒரு பாவமும் செய்யாத மனிதர் தலையில் விழும் என்று தெரியாமல் போயிற்று. உன் மச்சானைத் தண்ணீருக்குள் குதித்துத் தூக்கியவர் ஏக்கநாயக்க மாத்தயா. மெயினைப் பிடுங்கிப் போட்டதும் குதித்துவிட்டார், ஏணியில் இன்னும் கரண்ட் இருக்கிறதா இல்லையா என்று நின்று பார்க்கவில்லை. அதற்கு முன்னால் எங்களை மிளகு மூட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தவரும் அவர்தான். நீ கேட்ட பெயர் இது ஒன்றுதான். வேறு பெயர் என்னிடம் இல்லை.

இனி உன்னிடம் வருகிறேன். பாதியை எழுதினாய், உண்மை. அடுத்த பாதியை உடனே எழுதினாய், அதுவும் உண்மை. நான் எத்தனை விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். தபால் ஓடியிருந்தால் உன் கடிதம் வந்திருக்கும். மர்சூக் நானாவின் கடைக்கு நெருப்புப் பிடிக்காமல் இருந்தால் கேபிள் இருந்திருக்கும். அடுத்தவர் சோற்றைத் தின்கிறோமே என்று அவருக்குக் கூசாமல் இருந்தால் அத்தனை அவசரப்பட்டிருக்க மாட்டார். கலவரத்தில் போனார் என்று நான் எழுதியது முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அதற்காக ஒருவனைக் கொல்லக் கிளம்பினால், எந்த ஊரில், எவனுடைய வீட்டில் போய்க் குண்டுக்கு வயர் வைப்பாய்? அங்கேயும் ஒருத்தி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் உன் கையை நீ வெறுப்பாய். அதை நினைத்துத்தான் இத்தனை நாள் பயந்தேன். இப்போது அதைவிடப் பெரிய பயம் வந்துவிட்டது. வெறுத்தாலும் பரவாயில்லை, அந்தக் கையை வைத்துக்கொண்டு தம்மாமிலேயே இரு. எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லையென்று எழுதினால் அது இரண்டாவது பொய். ஆனால் உன்மேல் இருக்கிற கோபத்தை நான் சுமந்துகொள்வேன், நீ இல்லாமல் போவதைச் சுமக்க முடியாது.

பாலா இன்னமும் எதையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்க்கிறாள். நேற்று நான் அழுதுகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து என் கன்னத்தைப் புறங்கையால் தொட்டாள், சுடுகிறதா என்று பார்ப்பது மாதிரி.

பதில் போடு. திட்டி எழுதினாலும் சரி.

சின்னக்கா

*

தம்மாம்
11.01.1984

சின்னக்காவுக்கு,

தந்தி வந்தது. கடிதமும் வந்தது. இரண்டும் நேரத்துக்கு வந்தன. அவர்கள் போய்விட்டார்கள், நான் போகவில்லை.

சுகமாக இருக்கிறேன் என்று எழுத வரவில்லை. இதுவரை பல தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுத வேண்டியதை எழுத எனக்குத் தெரியவில்லை, தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அந்தப் பழைய லைன் கொட்டகைக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறதா? குளத்துக்குத் தண்ணீர் விடுகிறார்களோ இல்லையோ, அது அங்கே இருக்கக் கூடாது. நீங்கள் அதே கொட்டகைக்குப் பக்கத்தில் படுக்கிறீர்கள். மெயின் போர்டிலிருந்து கொட்டகைச் சுவர் வரை எவ்வளவு தூரம் என்று அளந்து எழுது. சும்மா குத்துமதிப்பாக எழுதாதே, கயிறு பிடித்து அள. தனியாக அளக்க முடியாது, ஒரு முனையை மாத்தயாவைப் பிடித்துக்கொள்ளச் சொல். நான் கேட்டதாகச் சொல். அவரிடம் நான் வேறு என்ன கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அதை நேரில் வந்துதான் கேட்க வேண்டும்.

சித்திரையில் லீவு கிடைக்கும். மூன்று கோர் கேபிள் இங்கிருந்தே கொண்டு வருகிறேன். பாறையாக இருந்தாலும் நானே வெட்டுவேன், ஆள் வைக்க வேண்டாம். அதுவரை மெயின் போர்டில் அந்த லைனுக்கு உரிய பியூஸைக் கழற்றி உன் டிரங்குப் பெட்டியில் பூட்டி வை. யார் கேட்டாலும் கொடுக்காதே, நான் எழுதினேன் என்று சொன்னாலும் கொடுக்காதே.

பாலாவை அந்தப் பழக்கத்துக்காக அதட்ட வேண்டாம். அது அவள் அப்பாவிடமிருந்து வந்தது. அவள் தொடட்டும். அவள் கை படுகிற இரும்பு எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு பச்சை வயர் மெயின் போர்டு வரைக்கும் அறாமல் போக வேண்டும். அதைப் போட்டுக் கொடுக்க எனக்குத் தெரியும்.

தூரத்தை எழுது அக்கா. கேபிளை வெட்டாமல் காத்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி
முத்துவீரன்